நின்று கேட்ட காளத்தியார்

உப்பங்கழி ஓரத்துப் புன்னைக்கழியில், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிப் பிழைத்தவர் காளத்தியார். நீர் வற்றும் நேரம் பார்த்து இடுப்பளவு சேற்றில் இறங்குவார். கூடை கூடையாய்க் கிளிஞ்சல் அள்ளிக் கழுவி, காளவாயில் கரியும் கிளிஞ்சலுமாய் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டுவார். வெந்ததை எடுத்து நீர் தெளித்தால், அது புகைந்து பொரிந்து வெள்ளை வெளேரென்று உதிர்ந்துவிடும். கோயில் சுவருக்குப் பூசுவதும் அதுதான். ஊரார் வெற்றிலையில் தடவுவதும் அதுதான். அந்தப் புகையை ஐம்பது ஆண்டு குடித்ததில் அவர் தொண்டை போய்விட்டது. பேசினால் உமியைத் தேய்ப்பது போல இருக்கும்.

பொழுது சாயத் தொடங்கியதும் வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் குளித்து, நீறு பூசி, கழிக்கரை ஈசர் கோயிலுக்கு ஓடுவார். நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. ஈசனுக்குப் பூத் தொடுக்க ஆள் இருந்தது. விளக்குக்கு எண்ணெய் விடவும் ஆள் இருந்தது. பாடலாம் என்றால் குரல் இல்லை. நம்மிடம் கொடுப்பதற்கு என்னதான் இருக்கிறது என்று இளவயதிலேயே பல நாள் தவித்துப் பார்த்தவர், இரண்டு காது இருப்பதைக் கண்டார். அதையே கொடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தார்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மாலைப் பூசைக்கு மணி அடிக்கும் முன், எந்த வீட்டுப் பிள்ளையும் நந்திக்குப் பக்கத்தில் நின்று ஒரு பதிகம் பாடலாம். யாரும் தடுக்கக் கூடாது. பழைய நாளில் எந்தப் புண்ணியவானோ ஏற்படுத்தி வைத்தது. தடுக்கக் கூடாது என்று சொன்ன மனிதர், கேட்க வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டார். ஆகவே பிள்ளைகள் பாடும் நேரமெல்லாம் பெரியவர்கள் பிரகாரத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். பெரிய ஓதுவார் வந்து தொண்டையைச் செருமினால்தான் விழுந்தடித்து ஓடிவந்து உட்காருவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கும் யோக்கியதை இல்லை. வீட்டில் பிள்ளை ஏதோ சொல்ல வரும்போது, ‘ம்’ கொட்டிவிட்டு வேறு எங்கோ பார்ப்பவர்கள்தானே நாமும்?

காளத்தியார் மட்டும் இரண்டாவது தூணருகே வந்து நின்றுகொள்வார். உட்கார மாட்டார். பாட்டு முடியும் வரை ஈ மொய்த்தாலும் கை அசையாது. பண் எது, தாளம் எது என்று அவருக்குத் தெரியாது. திருத்தத் தெரியாதவர் என்பதாலேயே பிள்ளைகளுக்கு அவரிடம் பயமில்லை. தடுக்கி நின்ற பிள்ளையைப் பார்த்து, “அதனால என்ன சாமி? மொதல்லேர்ந்து பாடுங்க. நான் இங்கதான நிக்கிறேன்” என்பார். மூன்று வயதுப் பிள்ளையையும் ‘சாமி’, ‘தாயி’ என்றுதான் அழைப்பார்.

ஒரு பிள்ளை ஒரு மாலை வராவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வீடு தேடிப் போய், காய்ச்சலா, சண்டையா, செருப்புக் கடித்ததா என்று கேட்டால்தான் சோறு இறங்கும். ஊரை விட்டுப் போன பிள்ளைகளையும் அவர் விட்டதில்லை. உப்பளத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒருத்தியைத் தேடி ஒரு காத தூரம் நடந்து போய், “மருமகப் பொண்ணு பாடுதுங்களா?” என்று மாமியாரிடம் கேட்டார்.

“இங்க உப்பு வாரவே பொழுது காணல. இதுல பாட்டு வேறயா?” என்றாள் அந்த அம்மாள்.

காளத்தியார் வாதாடவில்லை. கொண்டுபோன சுண்ணாம்புப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். வெயில் ஏறியது, அவர் நகரவில்லை. கடைசியில் அந்தப் பெண் அரிசி புடைத்தபடியே இரண்டு அடி பாடினாள். மாமியார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, “இவளுக்கு இப்படியெல்லாம் வருமா?” என்றாள். அதன் பிறகுதான் காளத்தியார் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? “காளவாயில சுண்ணாம்பு கருகுது, இந்த ஆளு பிள்ளைங்க பின்னாடி திரியுறாரு” என்றார்கள். பெரிய ஓதுவாருக்கு இதில் ஒரு தனி எரிச்சல் இருந்தது. தாம் பாடும்போது காளத்தியார் நிற்பதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஒருநாள் பலர் முன்னால் கேட்டும்விட்டார். “என்னய்யா காளத்தி, வாண்டுங்க கத்துறதக் கேக்குற காதுக்கு நம்ம பாட்டு கசக்குதோ?”

“ஐயா பாட்டக் கேக்க ஊரே இருக்குதுங்க. அதுங்களுக்கு நான் ஒருத்தன்தானே” என்றார் காளத்தியார். பணிவாய்த்தான் சொன்னார். ஓதுவாருக்கு அது பணிவாகப் படவில்லை.

இப்படி இருக்கையில், அவருடைய அறுபத்தெட்டாம் வயதில் ஊரில் ஒரு விபரீதம் நடந்தது. பிள்ளைகளின் குரல் எல்லாம் சிறுத்துக்கொண்டே வந்தது. போன ஆண்டு கோபுரப் புறாவைக் கிளப்பிய பிள்ளைகள் இந்த ஆண்டு முணுமுணுத்தார்கள். காளத்தியார் கலங்கிப் போனார். பனிக்காற்றா, கண்ணேறா, கழியில் ஏதேனும் கெட்ட நீர் கலந்ததா? சந்தைக்குப் போய் அதிமதுரமும் திப்பிலியும் வாங்கி வந்து இடித்து, பனங்கற்கண்டு சேர்த்து, வீடு வீடாய்ப் போய்த் தாய்மார் கையில் கொடுத்தார். “தொண்டையப் பாத்துக்குங்க தாயி, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் குரலு உள்ள போயிட்டுது” என்று கெஞ்சினார். தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டார்கள்.

அவர் மனைவி தில்லையம்மாளுக்கு விஷயம் முன்பே தெரியும். ஓர் ஆண்டாகவே அவரிடம் சோறு போதுமா என்று கேட்கக்கூடக் கத்த வேண்டியிருந்தது. இந்த மனிதர் ஈசனுக்குக் கொடுத்தது அந்த ஒன்றுதான் என்று தெரிந்தவராகையால், சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சொன்னவள் தையல்நாயகி. பதினாலு வயதுப் பெண், பாடுகிறவர்களில் மூத்தவள், பொய் சொல்ல வராதவள். மூன்றாம் முறை அதிமதுரம் வந்தபோது, அவர் கையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே நிறுத்தி, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “தாத்தா, எங்க குரலுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க காதுதான் கேக்கல.”

காளத்தியார் பொட்டலத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினார். “எல்லாருக்கும் தெரியுமா தாயி?” என்றார். அவள் தலையாட்டினாள்.

அன்றும் கோயிலுக்குப் போனார். காது போனால் கண் இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். பிள்ளைகளின் உதட்டைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைப்பதையும், கால் கட்டைவிரல் தரையில் தாளம் போடுவதையும் பார்த்து, எங்கே தடுக்குகிறார்கள் என்று கண்டுகொண்டார். பிள்ளைகளும் அவருக்காக வாயை அகலத் திறந்து பாடினார்கள். சில மாதம் இப்படியே ஓடியது. ஆனால் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. கேட்காத காதை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் நிற்பது ஈசனிடம் கள்ளம் செய்வதல்லவா? இரவும் பகலும் காளவாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அப்போதுதான் பொன்னி பாட வந்தாள். ஐந்து வயது. முதல் தடவை. அவள் எடுத்தது பதினொரு பாடல் கொண்ட பதிகம். காளத்தியார் ஆயிரம் முறை கேட்டது. குழந்தை வாயைத் திறந்ததுமே அந்தப் பதிகம் அவருடைய நெஞ்சுக்குள் தானாக எழுந்துவிட்டது. மாதக்கணக்கில் மௌனத்தில் கிடந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! கண்ணில் நீர் முட்டியது. கண்ணை மூடிக்கொண்டார். தலை அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொன்றும் உள்ளே ஓடி முடிந்தன. கண்ணைத் திறக்காமலேயே கை கூப்பி, “பலே தாயி! ஒரு எழுத்து தப்பாம முடிச்சீங்க!” என்று உரக்கச் சொன்னார்.

பொன்னி மூன்றாம் பாட்டிலேயே மறந்து நின்றுவிட்டிருந்தாள். தாத்தா கண்ணைத் திறந்து, மறுபடி பாடச் சொல்லுவார் என்று அத்தனை நேரமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பெரிய ஓதுவார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். காளத்தியார் கண்ணைத் திறந்தபோது, குழந்தையின் உதடு பிதுங்கி, ஏதோ சொல்லிவிட்டு ஓடுவது தெரிந்தது. என்ன சொன்னாள் என்று தையல்நாயகியைக் கேட்டார். அவள் சொல்ல மறுத்தாள். வற்புறுத்தியதும் சொன்னாள்: “தாத்தா என்னயக் கேக்கவே இல்லங்குது.”

அன்றோடு அவர் தூணருகே நிற்பதை விட்டார். ஒன்பது நாள் கோயில் பக்கம் போகவில்லை. போகாதவர் சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து கழிக்குப் போவார்; வெறுங்கூடையோடு திரும்புவார். எரிந்த காளவாயை மறுபடி எரிப்பார். மாலை மணி நேரம் வந்ததும் கால் தானாகத் தெருமுனை வரை ஓடும்; அங்கிருந்து திரும்பிவரும். “செத்த உக்காருங்களேன், பாக்கவே தல சுத்துது” என்று தில்லையம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். அவரோ மனைவியின் முகத்தைப் பார்த்து, “பிள்ளைய விட்டுட்டுப் பாட்டக் கேட்டுட்டேன் தில்ல. அந்தக் கொழந்த இனிமே பாடுமா?” என்றார். அவரைத் தின்றது இந்த ஒரு கேள்விதான். பொன்னி கோயிலுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள்.

பத்தாம் நாள் ஐப்பசி அடைமழை. உச்சிப் பூசை முடிந்து சன்னிதிக் கதவு பூட்டியாயிற்று. குருக்களும் பெரிய ஓதுவாரும் இன்னும் நாலைந்து பேரும் மழைக்கு ஒதுங்கி முன்மண்டபத்தில் இருந்தார்கள். காளத்தியார் கொட்டுகிற மழையில் நனைந்து உள்ளே ஓடிவந்தார். பின்னாலேயே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தில்லையம்மாள். காளத்தியார் யாரையும் பார்க்கவில்லை. நேரே பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்று, காது கேளாதவர்களுக்கே உரிய பெருங்குரலில் முறையிட்டார்:

“ஒமக்குன்னு நான் குடுத்தது இது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டீரு. எடுத்துக்கிடும், வேணாங்கல. அந்தக் கொழந்த பாட்டையும் சேத்து ஏன் எடுத்துக்கிட்டீரு?”

ஓதுவார் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்துச் சிரித்தார்.

அப்போது காளத்தியாரின் காதில் ஒரு குரல் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். நந்திக்குப் பக்கத்தில், பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை நின்று பாடிக்கொண்டிருந்தான். தலை சடை பிடித்து, அதிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று. குரல் கரகரவென்று இருந்தது. மேலே ஏறவேண்டிய இடத்தில் உடைந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் கேட்டது! மாதக்கணக்கில் காதில் ஒன்றும் விழாதவர், அந்த அதிசயத்தை நினைத்துப் பார்க்கவும் இல்லை. பிள்ளையின் கால் நடுங்குவதைத்தான் பார்த்தார். ஓடிப்போய் இரண்டாவது தூணருகே நின்றுகொண்டார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

மண்டபத்தில் இருந்தவர்களுக்குப் பிள்ளையும் தெரியவில்லை, பாட்டும் கேட்கவில்லை. கிழவர் வெறும் இடத்தைப் பார்த்துத் தலையசைப்பது மட்டும் தெரிந்தது. “முத்திப்போச்சு” என்றார் ஒருவர். தில்லையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

பாதியில் அந்தப் பிள்ளை நின்றுவிட்டான். “மறந்துபோச்சு. நான் பாடி யாரும் கேட்டதில்ல, அதான்” என்றான்.

“மறந்தா மறந்துட்டுப் போவுது சாமி. மொதல்லேர்ந்து வாங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

பிள்ளை முதலிலிருந்து பாடினான். மழை வலுத்தது, மெலிந்தது, மறுபடி வலுத்தது. காளத்தியாரின் ஈரத்துணி உடம்பிலேயே காய்ந்தது. ஒருவழியாய்ப் பாட்டு முடிந்தது.

“எப்படி இருந்துச்சு?” என்று அவன் கேட்டான்.

“மனசுக்கு ஒத்தடம் குடுத்தாப்பல இருந்துச்சு. ஆனா தொண்டதான் ரொம்பக் கட்டியிருக்கு. என்ன செஞ்சீங்க சாமி?”

“சின்ன வயசுல வேண்டாதது ஒண்ணக் குடிச்சுட்டேன். அது அங்கயே தங்கிப்போச்சு.”

“அடப் பாவமே! பெத்தவங்க பாக்கலியா? செத்த நில்லுங்க. வீட்டுல மருந்து இருக்கு, கொண்டாந்துடறேன். நனையாம உள்ள தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, அந்த மழையில் காளத்தியார் வெளியே ஓடினார். ஆலகாலம் உண்ட கண்டத்துக்கு மருந்து கொண்டுவர ஓடினார்! இதை எழுதும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் மறைக்கிறது.

அவர் படி இறங்கிய பிறகு, பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது. கரகரத்த குரல். மண்டபத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். “நம்மிடம் பாட வந்தவர் எத்தனையோ பேர். எல்லோரும் நம்மைக் கேட்கவே வைத்தார்கள். நாம் பாட நின்று கேட்டவர் இவர் ஒருவரே.”

தில்லையம்மாள் இருந்த இடத்திலேயே விழுந்து வணங்கினார். குருக்களின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. பெரிய ஓதுவார் நாற்பது ஆண்டு பாடிய வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மழையில் இறங்கிக் காளத்தியாரின் வீட்டுக்கு ஓடினார். ஈசன் சொன்ன அந்தச் சொல்லை அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். யாரைப் பற்றிச் சொன்னானோ, அவர் மட்டும் கேட்கவில்லை. அவருடைய காது வாசற்படியைத் தாண்டியதுமே பழையபடி அடைத்துப் போயிருந்தது.

ஓதுவார் காலில் விழுந்ததும் காளத்தியார் பதறிப் பின்வாங்கினார். “என்னங்கய்யா இது? வழிய விடுங்க, அங்க ஒரு பிள்ள நனஞ்சு நிக்கிது” என்றார். தில்லையம்மாள் மூச்சிரைக்க வந்து, கையால் காட்டியும் கத்தியும் நடந்ததைச் சொன்னார். காளத்தியார் நம்பவில்லை. “சாமியா? சாமி பாடுனா சுருதி சேராதா தில்ல? அது யாரோ கவனிப்பில்லாத பிள்ள” என்றார். மருந்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். நந்தியருகே யாரும் இல்லை. நாலு தெருவும் தேடினார். தேடிய தெருவில்தான் பொன்னியின் வீடு இருந்தது.

வாசலில் அவர் கால் தானாக நின்றது. காது கேளாத தாம் ஒரு பிள்ளையின் முன் சற்றுமுன்தான் நின்று வந்தோம் என்பதும், அந்தப் பிள்ளை முதலிலிருந்து பாடினான் என்பதும், பிள்ளைக்கு வேண்டியது முகம் பார்த்து நிற்கும் ஓர் ஆள்தான் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தன. உள்ளே போய்க் குழந்தையின் உயரத்துக்குக் குந்தினார். “தப்புப் பண்ணிட்டேன் தாயி. எனக்குக் காது கேக்காது. அத ஒங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னேன். ஒரு தடவ வாங்க. இந்தக் கண்ண மூடவே மாட்டேன்” என்றார்.

பொன்னி அவருடைய ஒரு காதைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

அன்று மாலை கோயிலில் என்றும் இல்லாத கூட்டம். தெய்வம் பாடக் கேட்டவரைப் பார்க்க வந்த கூட்டம் அது. பரிவட்டமும் மாலையும் தட்டில் காத்திருந்தன. காளத்தியார் தட்டைத் தாண்டிப் போய்த் தூணருகே நின்றார். பொன்னி தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்றாம் பாட்டில் அதே இடத்தில் மறந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிழவரின் இரண்டு கண்ணும் அகல விரிந்து அவள் முகத்திலேயே இருந்தன. இமைக்காததில் நீர் கோத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை தானாகவே முதலிலிருந்து எடுத்தாள்.

பதினொன்றும் முடிய வெகுநேரம் ஆயிற்று. பூசை வேளை எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் மணி அடிக்கவில்லை. குருக்கள் மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பெரிய ஓதுவார் கைகட்டி நின்று கேட்டார். பிரகாரத்தில் ஒருவரும் பேசவில்லை.

பாடிய பெருமக்களைப் போற்ற உலகம் இருக்கிறது. தடுக்கி நின்ற பிள்ளை நிமிர்ந்து பார்த்தபோது, அங்கே கண் இமைக்காமல் நின்ற காளத்தியாரின் சேறு படிந்த பாதங்களுக்கு எம் வணக்கம்.